மகிழ்ச்சியும் மறதியும்

தீயைச் சுற்றி மனிதர் கூடுவது நேற்றோ இன்றோ தோன்றிய பழக்கமன்று. குளிரும் இருளும் கொடுவிலங்கும் அச்சுறுத்திய காலத்தில் தீயே மனிதனுக்கு மதிலாகவும் கூரையாகவும் விளங்கிற்று. அந்த அச்சங்கள் நீங்கிய பின்னரும் அப்பழக்கம் நீங்கவில்லை. கார்த்திகைத் திருநாளில் கோயிலின் முன் சொக்கப்பனை கொளுத்தும் தமிழரும், நவம்பர் மாதக் குளிரில் ஊர்ப் பொதுவிடத்தில் விறகைக் குன்றெனக் குவித்து எரிக்கும் ஆங்கிலேயரும், ஒருவரை ஒருவர் அறியாக் காலத்திலிருந்தே ஒத்த செயலைச் செய்து வந்துள்ளனர். எரியும் தீயின் முன் நிற்கையில் செல்வரும் வறியரும் ஒரே ஒளியில் தெரிகின்றனர். முதியவரும் குழந்தையும் ஒரே திசையில் நோக்குகின்றனர். வானில் ஒரு வாணம் வெடித்துப் பூவாய் விரியும்போது ஆயிரம் வாய்களிலிருந்து ஒரே ஒலி எழுகிறது. பிரிந்து வாழும் மனிதரை ஒரு மணி நேரமாவது ஓர் ஊராக ஆக்கும் ஆற்றல் இத்தகைய விழாக்களுக்கு உண்டு என்பதை எவரும் மறுக்கார்.

ஊர் கூடி விழா எடுக்க முனைவோர் முதற்கண் கேட்கும் கேள்வி ஒன்றே: "இவ்விழாவை மறக்க முடியாததாக ஆக்குவது எப்படி?" வாணங்கள் எத்தனை, தீ எத்தனை அடி உயரம், கூட்டம் எத்தனை ஆயிரம் என்றெல்லாம் கணக்கிடப்படுகிறது. ஆயினும், அறத்தின் பார்வையில் அதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. மறக்க முடியாத மகிழ்ச்சியை நாடும் கூட்டம், அம்மகிழ்ச்சியின் நடுவே எவற்றையெல்லாம் மறந்துவிடுகிறது என்பதே அக்கேள்வி.

திருக்குறளின் 54ஆம் அதிகாரத்திற்குப் 'பொச்சாவாமை' என்று பெயர். பொச்சாப்பு என்பது மறதி. மிகுந்த உவகையினால் வரும் மறதி, அளவு கடந்த சினத்தைவிடத் தீயது என்னும் கருத்தோடு அவ்வதிகாரம் தொடங்குகிறது. சினம் தீது என்பதை எல்லா அறநூல்களும் ஓதும். மகிழ்ச்சிக்குள்ளும் ஒரு தீது ஒளிந்திருக்கக் கூடும் என்பதும், அது சினத்தினும் கொடியதாகலாம் என்பதும் ஆழ்ந்து எண்ணத்தக்கவை. சினங்கொண்டவனைக் கண்டால் பிறர் விலகுவர். அவனே கூடத் தன் சினத்தைப் பின்னர் நினைந்து நாணுவான். மகிழ்ந்திருப்பவனைக் கண்டு எவரும் விழிப்புக் கொள்வதில்லை. அவனும் தன்னை ஐயுறுவதில்லை. ஆகவே சினத்தின் தவறுக்குக் காவல் உண்டு; மகிழ்ச்சியின் தவறுக்குக் காவல் இல்லை. இக்கருத்து எத்துணை உண்மையானது என்பதை உலகின் தீவிழாக்களும் வாணவேடிக்கைகளும் தெளிவாகக் காட்டுகின்றன.

ஒரு சதியும் ஒரு விழாவும்

1605ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் மன்னர் முதலாம் ஜேம்சு நாடாளுமன்றத்தைத் தொடங்கி வைப்பதாக இருந்தது. பொழுது விடியுமுன், பிரபுக்கள் அவையின் அடியிலிருந்த நிலவறையில் கய் ஃபாக்ஸ் என்பவர் பிடிபட்டார். அங்கே விறகின் அடியில் 36 பீப்பாய்க் கருமருந்து மறைத்து வைக்கப்பட்டிருந்தது. மன்னரையும் அவையோரையும் ஒருங்கே அழித்துவிடுவதே திட்டம். இராபர்ட் கேட்சுபி என்பவர் தலைமையில் கத்தோலிக்கர் சிலர் இச்சதியில் ஈடுபட்டிருந்தனர். தம் சமயத்தார் நெடுங்காலம் ஒடுக்கப்பட்டதால் மூண்ட சினமே அவர்களை அவ்வழியிற் செலுத்திற்று.

சதி வெளிப்பட்ட வகை குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள் மான்டீகிள் பிரபுவுக்குப் பெயரில்லாக் கடிதம் ஒன்று வந்தது. நாடாளுமன்றத்திற்கு வாராதிருக்குமாறு அது அவரை எச்சரித்தது. எழுதியவர் யார் என்பது வரலாற்றில் இன்றளவும் உறுதிப்படவில்லை. எவரோ ஒருவர், அழிவின் விளிம்பில், அவையில் அமரவிருந்த ஒரு மனிதரை மறக்க இயலாமல் எழுதுகோலை எடுத்திருக்கிறார். அந்த ஒரு நினைவு அனைவரையும் காத்தது.

அன்று மாலையே இலண்டன் மக்கள் தெருக்களில் தீ மூட்டி மகிழ்ந்தனர். அடுத்த ஆண்டு, நவம்பர் 5ஆம் நாளை ஆண்டுதோறும் நன்றி நாளாகக் கொண்டாட வேண்டும் என நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1859ஆம் ஆண்டுவரை அச்சட்டம் நடப்பில் இருந்தது. சட்டம் நீங்கிய பின்னரும் விழா நீங்கவில்லை. இன்றும் அவ்விரவில் இங்கிலாந்தின் ஊர்களில் விறகுக் குவியல்கள் எரிகின்றன, வாணங்கள் எழுகின்றன. நிலவறையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததும் வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவை. இன்று வானில் வாணத்தை உயர்த்துவதும் அதே கலவைதான். ஸ்ட்ரான்சியம் சேர்ந்தால் சிவப்பு, பேரியம் சேர்ந்தால் பச்சை, செம்பு சேர்ந்தால் நீலம் என்பதே வேறுபாடு. அழிக்கும் பொருளும் மகிழ்விக்கும் பொருளும் ஒன்றே. அவற்றைப் பிரித்து வைப்பது கையாளுவோரின் நினைவு மட்டுமே.

எரிக்கப்படுபவர் யார்?

இவ்விழாவின் நடுநாயகமாக விளங்கியது நெடுங்காலம் கொடும்பாவி எரிப்பே. பழந்துணியும் வைக்கோலும் கொண்டு ஓர் உருவத்தைச் செய்து, தீயின் உச்சியில் வைத்து எரிப்பர். அவ்வுருவத்திற்குக் 'கய்' என்றே பெயர். பின்னாளில் அச்சொல் ஆங்கிலப் பேச்சு வழக்கில் எந்த ஆடவனையும் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் மாறிற்று. உண்மையில் கய் ஃபாக்ஸ் எரிக்கப்படவில்லை. 1606ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டரில் தூக்குமேடையில் உயிர் துறந்தார். வரலாறு தராத தீயை விழா தந்தது.

ஒரு மனிதரின் குற்றம் அவரோடு நிற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவரின் உருவமும் பல இடங்களில் எரிக்கப்பட்டது. சதியில் ஈடுபட்டோர் ஒரு சிலரே. பழியோ கத்தோலிக்கர் அனைவர் மீதும் படிந்தது. ஆண்டுதோறும் ஊரார் ஆடிப்பாடித் தீ மூட்டும் அவ்விரவில், கதவைத் தாழிட்டு வீட்டினுள் அமர்ந்திருந்த கத்தோலிக்கக் குடும்பத்தின் குழந்தை என்ன எண்ணியிருக்கும்? அக்குழந்தைக்குச் சதியும் தெரியாது; பீப்பாயும் தெரியாது. தன் ஊரின் மகிழ்ச்சி தன்னை விலக்கி நிற்கும் மகிழ்ச்சி என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

எதிர்த்தரப்பின் நினைவும் பொய்யன்று. சசெக்ஸ் மாவட்டத்தில் லூயிசு என்னும் நகரம் இவ்விழாவுக்குப் பெயர் பெற்றது. அங்கே 1555 முதல் 1557 வரை, கத்தோலிக்க அரசியான மேரியின் ஆட்சியில், புரட்டஸ்தாந்தர் 17 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்கள் நினைவாக எரியும் சிலுவைகள் 17 ஊர்வலத்தில் ஏந்திச் செல்லப்படுகின்றன. இறந்தோரை நினைத்தல் அறமே. ஆயின், ஒரு தரப்பின் துன்பத்தை நினைக்கும் தீ மற்றொரு தரப்பின் துன்பத்திற்கு விறகாக வேண்டுமா என்பதே வினா.

"இஃதெல்லாம் விளையாட்டுத்தானே? இன்று எவருக்கும் எவர் மீதும் பகை இல்லையே?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. இன்று தீயைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் சமயப் பகை அறியாதவர். கத்தோலிக்கரும் அக்கூட்டத்திலே உள்ளனர். பகை ஆறி, வெறும் வேடிக்கையாய் எஞ்சுவது நாகரிகத்தின் வளர்ச்சி எனவும் கொள்ளலாம். ஆனால் எரிப்பதற்கென்று ஓர் இடம் ஆண்டுதோறும் ஆயத்தமாக இருக்குமானால், அவ்விடத்தில் யாரை வைப்பது என்னும் எண்ணமும் எழத்தான் செய்யும். 2003ஆம் ஆண்டு லூயிசு நகருக்கு அருகிலுள்ள ஃபேர்ல் என்னும் சிற்றூரில், ஜிப்சி மக்கள் வாழும் வண்டிவீட்டைப் போன்ற ஓர் உருவம் செய்யப்பட்டது. அதன் பலகணிகளில் ஒரு குடும்பத்தின் உருவங்கள் தீட்டப்பட்டிருந்தன. மக்கள் சூழ்ந்து நிற்க அது கொளுத்தப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. காவல்துறையினர் சிலரைக் கைது செய்தனர். இறுதியில் வழக்குத் தொடரப்படவில்லை. சட்டத்தின் கணக்கு அங்கே முடிந்தது. அறத்தின் கணக்கு அங்கே முடியவில்லை. அவ்வூரார் அனைவரும் கொடியோர் என எவரும் கூறார். அன்றைய களிப்பில் அந்தப் பலகணியில் தீட்டப்பட்ட முகங்களுக்கு உரியோர் உலகில் உயிரோடு உள்ளனர் என்பதை மறந்தனர், அவ்வளவே. அந்த 'அவ்வளவே' போதுமானதாகிவிட்டது.

இதற்கு மாறாக ஓர் எளிய சான்றும் உண்டு. யார்க் நகரிலுள்ள புனித பீட்டர் பள்ளியில் கய் ஃபாக்ஸ் பயின்றார். அப்பள்ளியில் அவருடைய கொடும்பாவியை எரிப்பதில்லை என்பது மரபு. அவர் செய்ய முனைந்த கொடுமையை அப்பள்ளி நியாயப்படுத்தவில்லை. தன் வகுப்பறையில் அமர்ந்திருந்த ஒரு மாணவரை எரித்து மகிழ அதற்கு மனமில்லை, அதுவே காரணம். குற்றத்தை வெறுக்கும்போதும் குற்றவாளி ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் மாணவனாய், மகனாய் இருந்தான் என்பதை மறவாமை ஆசிரியர் குலத்திற்கே உரிய பண்பு போலும்.

விலகி நிற்போர்

கொடும்பாவி இல்லாத விழாவிலும் மறக்கப்படுவோர் உண்டு. தீயைச் சுற்றிக் கூடுவோர் ஊரின் ஒரு பகுதியினரே. நோயுற்றோர், கைக்குழந்தை உடைய தாயர், போரின் ஓசையைக் காதில் சுமந்து வாழும் முன்னாள் படைவீரர், குண்டுவீச்சிலிருந்து தப்பி அடைக்கலம் புகுந்தோர் ஆகியோர் வீட்டினுள் இருக்கின்றனர். வெளியே 'ஆகா' என்னும் ஒலியை எழுப்பும் அதே வெடி, உள்ளே ஒருவரை நடுங்கச் செய்கிறது. நாய்கள் கட்டிலின் அடியில் ஒடுங்குகின்றன. விறகுக் குவியலை உறங்கத்தக்க இடமென எண்ணிப் புகுந்த முள்ளெலி ஒன்று, தீ மூட்டப்படும் வரை அதனுள் சுருண்டு கிடக்கிறது. ஆகவேதான் விறகைப் பல நாள் முன்பே குவித்து வைக்காமல் விழா நாளிலேயே அடுக்குமாறும், முன்பே குவித்திருப்பின் கொளுத்துமுன் இடம் மாற்றிப் பார்க்குமாறும் இங்கிலாந்தில் அறிவுறுத்துகின்றனர். ஒரு முள்ளெலிக்காக ஓர் ஊர் தன் விறகு முழுவதையும் பெயர்த்து வைப்பது சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் பேச இயலாத ஓர் உயிருக்காக அரை மணி நேரம் காத்திருக்கத் தெரிந்த கூட்டம், பேசத் தயங்கும் அண்டை வீட்டாருக்காகவும் காத்திருக்கும்.

2004ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட வாணவேடிக்கை விதிகளின்படி இங்கிலாந்தில் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை வாணம் விடுதல் குற்றம். நவம்பர் 5ஆம் நாள் மட்டும் நள்ளிரவு வரை இசைவு உண்டு. ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகிய இரவுகளில் மணி ஒன்று வரை இசைவு உண்டு. பொதுமக்களுக்கு விற்கப்படும் வாணங்களின் ஓசை 120 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. இவ்விதிகளில் இரு நினைவுகள் ஒருங்கே அமைந்துள்ளன. சிறுபான்மையினரின் திருநாளையும் நாட்டின் திருநாளாக ஏற்று இடமளித்தது ஒன்று. எவர் திருநாளாயினும் உறங்குவோரின் உரிமைக்கு எல்லையிட்டுக் காத்தது மற்றொன்று. தனக்கு இடம் தந்த ஊரில் பிறரது உறக்கத்திற்கு இடம் தருவது, திருநாள் கொண்டாடும் ஒவ்வொரு சமூகமும் செலுத்த வேண்டிய கடன்.

மரபு என்னும் மயக்கம்

விலகி நிற்போரை மறப்பது ஒருபுறமிருக்க, விழாவைத் தம் கைகளாலேயே உருவாக்குவோரையும் கூட்டம் மறப்பதுண்டு. அமெரிக்காவில், டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக மாணவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஆண்டுதோறும் ஒரு பெருந்தீயை மூட்டி வந்தனர். போட்டிப் பல்கலைக்கழகத்துடன் நடைபெறும் கால்பந்தாட்டத்திற்கு முன்னோடியாக அது அமைந்தது. மரங்களை வெட்டுவதும் சுமப்பதும் அடுக்குவதும் மாணவர்களே. 1969ஆம் ஆண்டில் அந்த அடுக்கு 109 அடி உயரம் எட்டிற்று. பின்னர் உயரத்திற்கு வரம்பு விதிக்கப்பட்டபோதிலும் ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளைக் கொண்டே அது எழுந்தது. 1999ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பின்னிரவில், மாணவர்கள் அதன்மீது ஏறி வேலை செய்துகொண்டிருந்தபோது அடுக்கு முழுவதும் சரிந்தது. பன்னிருவர் இறந்தனர், 27 பேர் காயமுற்றனர்.

அதனை ஆராய அமைக்கப்பட்ட குழு, அடுக்கின் கட்டமைப்புக் குறையை மட்டும் காரணமாகக் கூறவில்லை. ஆண்டுதோறும் மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக் கொடுத்த முறையிலேயே அது கட்டப்பட்டது. தேர்ந்த பொறியாளரின் மேற்பார்வையோ முறையான வரைபடமோ இல்லை. எந்த ஒருவரும் தீங்கு எண்ணவில்லை. எல்லாரும் உழைத்தனர், எல்லாரும் தோழமையில் திளைத்தனர். "சென்ற ஆண்டும் இப்படித்தான் செய்தோம், ஒன்றும் நேரவில்லை" என்னும் எண்ணமே அங்கே ஆட்சி செய்தது. மரபு நல்லது, முன்னோர் நினைவை அது காக்கிறது. ஆனால் மரபு கேள்வியைத் தடுக்குமாயின் அதுவும் ஒருவகை மறதியே. பல்கலைக்கழகம் அப்பெருந்தீயைத் தன் விழாவாக அதன்பின் நடத்தவில்லை. இறந்த மாணவர்களின் நினைவிடம் அந்நிகழ்ச்சி நடந்த இடத்தில் எழுப்பப்பட்டுள்ளது.

இங்கே திட்டமிடுதலின் அறத்தன்மை விளங்கும். திட்டமிடுதல் என்றதும் அது கணக்கரின் வேலை, அலுவலகத்தின் வேலை என்று பலர் கருதுவர். உண்மையில், நேரக்கூடியதை முன்னரே மனத்தில் கண்டு, அதில் துன்புறக் கூடியவரை முன்னரே நினைத்தலே திட்டமிடுதல். வாணம் விடும் இடத்திற்கும் கூட்டத்திற்கும் இடையே எத்தனை மீட்டர், காற்று எத்திசையில் வீசும், அணைந்த வாணத்தை அணுகாமல் காப்பவர் யார், கம்பி மத்தாப்பை எரிந்த பின் போடுவதற்கு நீர்வாளி எங்கே என்னும் கேள்விகள் வறண்டவை போலத் தோன்றும். ஆனால் அவை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குழந்தையின் கையும் கண்ணும் உள்ளன. எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பின் ஒளி போய்விடும், சூடு போவதில்லை. அதைக் கையில் எடுக்கும் குழந்தைக்கு இது தெரியாது. தெரிந்தவர் முன்னரே நினைத்தல் வேண்டும்.

காணாத கைகள்

விழா நாளில் எவர் கண்ணிலும் படாதவர் வாணத்தைச் செய்தவர். உலகில் விற்கப்படும் வாணங்களில் பெரும்பகுதி சீனாவில் செய்யப்படுகிறது. ஹூனான் மாநிலத்தின் லியூயாங் நகரம் அதற்குப் புகழ் பெற்றது. இந்தியாவில் அத்தொழிலின் தலைமையிடம் தமிழகத்தின் சிவகாசி. வறண்ட நிலமும் குறைந்த மழையும் தொழிலுக்கு உகந்தவையாக அமைந்தன. வேறு பிழைப்பில்லாத மக்களும் அங்கே இருந்தனர். 1986ஆம் ஆண்டுச் சட்டம் வெடிபொருள், பட்டாசுத் தொழில்களில் குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. அப்படியொரு சட்டம் தேவைப்பட்டதே அங்கு நிலவிய நிலையைக் காட்டும். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவி செய்ய ஓடியவர்களும் அவர்களுள் அடங்குவர். தீபாவளிக்கு இரண்டு மாதமே இருந்த வேளை அது.

மலேசிய மக்களுக்கு இத்தகைய செய்தி தொலைவிலிருந்து வந்த செய்தி மட்டுமன்று. 1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்று வெடித்து 26 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சுற்றிலுமிருந்த வீடுகளும் சிதைந்தன. நண்பகல் உணவை முடித்து வேலைக்குத் திரும்பியவர்கள் மாலையில் வீடு திரும்பவில்லை. யாரோ ஒருவரது குழந்தையின் சிரிப்புக்காகச் செய்யப்பட்ட பொருள், அதைச் செய்தவரின் குழந்தையைத் தாயற்றதாய், தந்தையற்றதாய் ஆக்கக் கூடும் என்னும் உண்மையை அந்நாள் உணர்த்திற்று.

"அவ்வாறாயின் வாணமே வேண்டா என்று விட்டுவிடலாமே?" எனச் சிலர் கூறுவர். "விட்டுவிட்டால் அத்தொழிலாளர் பட்டினி கிடப்பரே?" என வேறு சிலர் மறுப்பர். இரு கூற்றிலும் நியாயம் உண்டு. இரண்டும் முழு விடை ஆகா. முற்றும் துறப்பது எல்லாராலும் இயலுவதன்று. அதுவே அறம் என்று கூறவும் முடியாது. ஆனால் 'தொழிலாளர் பிழைக்கின்றனர்' என்னும் சொல்லை ஒரு போர்வையாக்கி, அவர்கள் எவ்வாறு பிழைக்கின்றனர் என்பதைக் காணாது கண்மூடுவதும் அறமாகாது. நூறு மலிவான வாணங்களுக்கு மாற்றாக, பாதுகாப்பு விதிகளைப் பேணும் இடத்தில் செய்யப்பட்ட பத்து வாணங்களை வாங்கும் விழாக்குழு, காணாத கைகளைக் கண்டுகொண்ட குழுவாகும். வாங்குமுன் எங்கே, எவரால், எந்நிலையில் செய்யப்பட்டது என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. கேட்பாரில்லாத இடத்தில்தான் கொடுமை வளரும்.

சட்டம் தலையிட்டபோது

மகிழ்வோர் தாமாக நினையாதபோது சட்டம் வந்து நினைவூட்டுகிறது. சிங்கப்பூரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1970ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டின்போது பட்டாசுகளால் விளைந்த தீயிலும் விபத்திலும் அறுவர் உயிரிழந்தனர். அரசாங்கம் உடனே முழுத் தடை விதிக்கவில்லை; இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் எனக் கட்டுப்பாடு விதித்து மக்களின் பொறுப்புணர்வை நம்பிற்று. 1972ஆம் ஆண்டில், வெடிப்பதைத் தடுக்க முயன்ற, கையில் ஆயுதமில்லாத காவலர் இருவர் தாக்கப்பட்டனர். அதன் பின்னரே அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் முழுத் தடை வந்தது. நினைவூட்ட வந்த கையையே தாக்கும் அளவுக்கு மகிழ்ச்சி வளருமாயின், அது மகிழ்ச்சி என்னும் பெயரை இழந்துவிடுகிறது.

அடுத்து நிகழ்ந்ததும் அறியத்தக்கது. பட்டாசின் ஓசை இல்லாத புத்தாண்டு களையிழந்து போகுமே என்னும் கவலை எழுந்தது. அக்குறையை நீக்க மக்கள் கழகத்தின் ஏற்பாட்டில் 1973ஆம் ஆண்டு சிங்கே ஊர்வலம் தொடங்கியது. காலப்போக்கில் சீனரோடு மலாய்க்காரரும் இந்தியரும் அதில் பங்கேற்றனர். ஒரு சமூகத்தின் ஓசை அடங்கிய இடத்தில் பல சமூகத்தார் ஒன்றாக நடக்கும் விழா எழுந்தது. 2003ஆம் ஆண்டில் சைனாடவுனில் சிறப்பு அனுமதியுடனும் உரிய பாதுகாப்புடனும் பட்டாசு மீண்டும் ஒலித்தது. கட்டுப்பாடு மகிழ்ச்சியைக் கொன்றுவிடும் என அஞ்சுவோர் இவ்வரலாற்றைக் கற்றல் நன்று. கரையில்லாத ஆறு வெள்ளம். கரையுள்ள ஆறே வயலுக்கு நீர். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டம் கையைத் தடுக்கும்; நெஞ்சை நினைக்க வைக்காது. தடைக்கு அஞ்சி அடங்குவோர் தடை நீங்கிய மறுநாளே பழைய நிலைக்குத் திரும்புவர். பிறரை நினைந்து அடங்குவோர்க்குத் தடையே தேவையில்லை.

மறக்க முடியாத விழா

விழாக்குழு கூடும் மேசையைச் சுற்றித் தலைவர், செயலர், பொருளாளர் ஆகியோர் அமர்ந்திருப்பர். அங்கே இடம்பெறாதோர் நால்வர் உண்டு. தீயில் யாருடைய உருவம் வைக்கப்படுமோ அவர் ஒருவர். கதவடைத்து வீட்டினுள் இருப்பவர் ஒருவர். விறகின்மீது ஏறி அடுக்கும் இளைஞர் ஒருவர். தொலைவிலுள்ள ஊரில் கருமருந்தைக் கையால் நிரப்புபவர் ஒருவர். அந்நால்வரும் கூட்டத்திற்கு வரப்போவதில்லை. அவர்களது குரல் குறிப்பேட்டில் பதியப்போவதுமில்லை. அவர்களுக்காக எவரேனும் ஒருவர் வாய் திறந்தால், மேசையைச் சுற்றியிருப்போரிடையே ஒரு கணம் மகிழ்ச்சி குன்றும். "இவர் எப்போதும் இப்படித்தான்" என்னும் முணுமுணுப்பும் எழலாம். அந்த முணுமுணுப்பைத் தாங்கிக்கொள்ளும் துணிவே இங்கு வேண்டப்படும் அறம். பெரிய தியாகம் எதுவும் இங்கே கேட்கப்படவில்லை. எல்லாரும் சிரிக்கும் வேளையில் ஒருவர் நினைவோடிருக்க வேண்டும் என்பதே கேட்கப்படுகிறது.

தமிழ்ப் பள்ளிகளில் 'மறக்க முடியாத ஒரு விழா' என்னும் தலைப்பு மாணவர்க்குக் கட்டுரையாகக் கொடுக்கப்படுவதுண்டு. மாணவர்கள் ஒளியையும் ஓசையையும், பலகாரத்தையும் புத்தாடையையும் வருணித்து எழுதுவர். அவை எழுதத்தக்கவையே, குழந்தையின் மகிழ்ச்சியைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அக்கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் ஓரத்தில் ஒரு வினாவை எழுதி வைக்கலாம்: "அன்று அங்கே வாராதவர் யார்? ஏன் வரவில்லை?" விடை தேடிச் செல்லும் மாணவன், அடுத்த வீட்டுப் பாட்டியின் கதவைத் தட்டுவான்; வாணப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஊரின் பெயரைப் படிப்பான்; விழாத் திடலைக் கூட்டிப் பெருக்கியவர் எவரெனக் கேட்பான். அடுத்த ஆண்டு அவன் கொண்டாடும் விழாவில் வாணங்கள் ஒன்றிரண்டு குறையலாம். தீயைச் சுற்றி நிற்கும் வட்டம் முன்னைவிடப் பெரிதாக இருக்கும்.